பார்டர் அண்ணன் விற்ற லேப்டாப்

லேப்டாப்பைப் பட்டுப்புடவை மாதிரி விற்றவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் பார்டர் அண்ணன். போன மாசம் மாரடைப்பில் போய்விட்டார்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லேப்டாப் கடையில் நாங்கள் இரண்டு பேரும் விற்பனைக்கு நின்றோம். நான் பத்தாவது ஃபெயில். அவர் அதற்கு முன்னால் இருபது வருஷம் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டியவர். பழக்கம் விடவில்லை. திரையின் ஓரம் அவருக்குப் பார்டர், மூடி முந்தானை. ஒரு தடவை பேச்சு வேகத்தில் சாயம் போகாது என்றும் சொல்லிவிட்டார். அந்த அம்மா தலையாட்டி வாங்கிக்கொண்டு போனார்.

"பார்டர் இல்லாத பொடவைக்கு மரியாத கெடையாது. பார்டர் இருக்கற லேப்டாப்புக்கு மரியாத கெடையாது" என்பார், வருகிறவர்களிடம்.

சன்னமான, எடை குறைந்த லேப்டாப்பைத்தான் எடுத்துக் காட்டுவார். எல்லோரும் அதைக் கொள்கை என்று நினைத்தார்கள். நிஜம் எனக்குத் தெரியும். புடவை உதறி உதறி அவருடைய வலது தோள் போயிருந்தது. புடவைக் கட்டு தூக்க முடியவில்லை என்றுதான் பட்டுக்கடையில் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இங்கேயும் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். கனமானதை யாராவது கேட்டால் நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுப்பேன்.

ஒரு நாள் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்போது ஒரு பட்டு வியாபாரி நின்றிருந்தார். வாரா வாரம் பெங்களூர் போய் டிசைன் காட்டுகிறவர். சன்னமானதைக் கையில் வாங்கி உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னாபா, கனமே இல்ல? கனம் இருந்தாத்தான சரக்கு? அத எடு."

மேல் தட்டில் இருந்த பெரியதைக் காட்டினார். எங்கள் முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் போவதற்குள் அண்ணன் அதை இடது கையால் இழுத்து, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து, வியாபாரி கையிலேயே வைத்துவிட்டார். திரும்ப வாங்கவில்லை. பேச ஆரம்பித்தார். பெங்களூர் பஸ், கூட்டம், இன்னொரு கையில் சாம்பிள் புடவை, புடவை வாங்குகிற பார்ட்டியின் ஆபீசில் லிஃப்ட் ரிப்பேர். பேச்சிலேயே ஒவ்வொரு மாடியாக அவரை ஏற்றினார். நாலாவது மாடியில் வியாபாரி அதை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"போதும்பா. அந்த சன்னத்தையே குடு."

அவர் போனதும் முதலாளி மெதுவாகக் கேட்டார். "கையி எத்தினி நாளா இப்படி இருக்குது?"

"அங்க இருக்கும்போதே போச்சுங்க. வேலைய மட்டும்..."

"வேலைய யாருய்யா கேட்டாங்க? வாய் நல்லாத்தான இருக்குது. கனமானதெல்லாம் கீழ்த்தட்டுல வெச்சிக்க."

அண்ணன் ஸ்டாக் ரூமுக்குள் போய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று அழுதார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிடாதமா" என்றார்.

இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளவாவது ஒரு தரம் வரமாட்டாரா என்று இருக்கிறது.