டிஸ்பென்சர் ஐயாவின் வெளிநாட்டு நோயாளி

உலகத்தில் நோயில்லாத மனிதன் ஒருவன்கூடக் கிடையாது என்பது டிஸ்பென்சர் ஐயாவின் முடிந்த முடிவு. இன்னும் அவர் கையில் சிக்காதவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலை கடைவீதியில் அவரைத் தூரத்தில் கண்டாலே ஆட்களுக்குத் திடீரென்று பஸ் பிடிக்கும் அவசரம் வந்துவிடும். யாராவது மரியாதைக்கு "எப்படிங்க ஐயா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கேட்டவரின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையே, கீரை திங்கிறதில்லையா?" என்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்ல மணவறை ஏறியவர், பிடித்த கையை விடாமல் நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெண் வீட்டாருக்கு முகம் வெளுத்துவிட்டது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். "பயப்படாதீங்க, பதட்டத்துலதான் வேகமா ஓடுது. தாலி கட்டலாம், கட்டலாம்" என்று அவர் அனுமதி கொடுத்த பிறகே சடங்கு நகர்ந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர் இல்லாத இடத்தில் டாக்டர், மருந்து கலக்குகிறவர், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர், பிரசவத்துக்கு லொறி பிடிக்கிறவர் எல்லாம் அவர்தான். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

ஹட்டனில் ஒரு லீசிங் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது, கொட்டகலை ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டில் முன் அறையை வாடகைக்கு எடுத்தேன். என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து முடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார். என் அறைக்கும் அவர்கள் ஹோலுக்கும் நடுவில் பலகைத் தடுப்பு மட்டும்தான். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கம் மருந்துப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்கும்.

ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மனிதர், மனைவியின் மூட்டு வலிக்கு மட்டும் ஒன்றும் பார்க்கவில்லை. "மத்தவங்களுக்கெல்லாம் விதவிதமா வியாதி சொல்றாரு தம்பி. எனக்கு மட்டும் எப்பப் பாத்தாலும் 'வயசாகுது'ங்கிற ஒரே வியாதிதான்" என்று அந்த அம்மா என்னிடம் முறையிடுவார்.

கம்பியூட்டர் வந்தது மகளால். கனடாவுக்குப் போகுமுன், அப்பா அம்மா முகத்தைப் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று வாங்கி வைத்துவிட்டுப் போனாள். ஹோலில் சாமி படங்களுக்குக் கீழே அதற்கு ஒரு மேசை. ஐயா தினமும் காலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதைத் துடைப்பார். ஊசி போடப் போகிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல், மூட்டு வலிக்கு உலகத்தில் என்ன மருந்து இருக்கிறது என்று கம்பியூட்டரில் தேடியிருக்கிறார். ஏதோ ஒரு எண்ணெய்ப் போத்தல் கண்ணைச் சிமிட்டியிருக்கிறது. அதை அமுக்கினார். தேயிலை பெக்டரியில் தீப்பிடித்தால் அடிப்பதைப் போல ஒரு சைரன் அலறியது. திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப எச்சரித்தது: உங்கள் கம்பியூட்டரில் வைரஸ் தொற்றிவிட்டது, நிறுத்தாதீர்கள், உடனே இந்த நம்பருக்கு அழையுங்கள்.

நான் அறையிலிருந்து ஓடிப் போய்ப் பார்த்தபோது ஐயா கொரோனா காலத்து மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நின்றார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை நான் பார்த்ததில்லை.

"தள்ளி நில்லுங்க தம்பி. வைரஸ்."

"ஐயா, இது பொய்யிங்க. ஆளைப் பயமுறுத்திக் காசு புடுங்குற கூட்டம். நிப்பாட்டிட்டு மறுபடி போடுங்க, சரியாப் போயிரும்."

"நோயாளியத் தொட்டுப் பாக்காமலே பொய்யிங்கிறீங்க. எந்த டாக்டராச்சும் அப்படிச் சொல்லுவாரா?"

விவாதம் வேலைக்காகாது என்று நானே கையை நீட்டி கீபோர்டைத் தொட்டேன். அது பெரிய பிழையாகிவிட்டது. ஐயா என் தோளைப் பிடித்து என் அறை வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

"தொட்டுட்டீங்க. இனி நீங்களும் உள்ளதான் இருக்கணும்" என்று வெளியே கொக்கியைப் போட்டுவிட்டார்.

ஆகவே மிச்சம் எல்லாவற்றையும் நான் பலகையில் காதை வைத்துத்தான் கேட்டேன். ஐயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். மணி அடித்தது. ஓர் இளைஞன் ஆங்கிலத்தில் பேசினான். தன் பெயர் பீட்டர் என்றும், தான் மூத்த என்ஜினியர் என்றும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னான். ஒரு பைலை இறக்கச் சொன்னான். ஐயா அவன் சொன்னபடியே ஒவ்வொன்றாக அமுக்கினார்.

அவருடைய ஓய்வுப் பணம் முழுவதும் பேங்கில் கிடந்தது. மகள் அதைக் கம்பியூட்டரிலேயே பார்க்கவும் வழி செய்து கொடுத்திருந்தாள். "ஐயா, எதையும் அமுக்காதீங்க! பேங்க் நம்பர் ஒண்ணும் குடுக்காதீங்க!" என்று பலகையைத் தட்டினேன்.

"கத்தாதீங்க தம்பி, அவருக்குப் பிரஷர் ஏறிரும்" என்றார் அந்த அம்மா, ஹோலிலிருந்து.

எங்களைக் காப்பாற்றியது கொட்டகலையின் இண்டர்நெட். மழை மூடினால் அது தோட்டத்து லயத்துப் பீலியில் வரும் தண்ணீர் மாதிரி சொட்டும். பைல் இறங்கவே மாட்டேன் என்றது. காத்திருந்த நேரத்தில் மறுமுனையில் பீட்டர் இருமினான். சும்மா தொண்டையைச் செருமுகிற இருமல் கிடையாது. அடியிலிருந்து கிளம்பி, ஆளை உலுக்கிவிட்டு அடங்குகிற இருமல். பலகைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே நெஞ்சு வலித்தது.

ஐயாவின் ஆங்கிலம் அந்த இடத்தில் நின்றுபோனது. "இந்தா, அந்த சைரன் சத்தத்தக் கொஞ்சம் கொறை. இவன் இருமுறது சரியாக் கேக்கல" என்று மனைவியை அதட்டினார்.

மறுமுனையில் குரல் தணிந்து வந்தது. "சார்... நீங்க தமிழா?"

"ஆமாப்பா. நீயும் தமிழா? பீட்டர்னியே? சரி, இருக்கட்டும். எத்தன நாளா இருமுது?"

"அது கெடக்கு சார். பைல் இறங்கிருச்சா?"

"அது மெதுவா வரட்டும். சளி வருதா? ராத்திரியில வேர்க்குதா?"

"வேர்க்குது சார். ஏசி போட்டாலும் வேர்க்குது."

"உடம்பு மெலிஞ்சிருக்கா?"

"பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கேன் சார்." அவனே சிரித்தான். சிரிப்பு மறுபடி இருமலில் முடிந்தது.

ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது. அடுத்த கேள்வியை அவர் மெதுவாகத்தான் கேட்டார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "சளியில ரத்தம் தெரியுதா தம்பி?"

அவனுக்குப் பின்னால் பல குரல்கள் ஒரே நேரத்தில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

"ரெண்டு தடவ" என்றான் கடைசியில். "யார்கிட்டயும் சொல்லல சார். வெளிநாட்டுல டேட்டா என்ட்ரி வேலைன்னு கூட்டிட்டு வந்தாங்க. பாஸ்போர்ட் அவங்ககிட்ட இருக்கு. வெளிய விட மாட்டாங்க."

"இது டீபி மாதிரி தெரியுது. மாத்திரை குடிச்சா சுத்தமா சொகமாகுற வியாதி. குடிக்காட்டி ஆளத் தின்னுரும். சளிய டெஸ்ட் பண்ணணும். எப்ப போற?"

"சார், பைல்..."

"பைலு கெடக்கட்டும். பேங்க் புத்தகம்தானே வேணும்? அது அலுமாரியில இருக்கு, சாவி அம்மாகிட்ட இருக்கு, அத விடு. நீ எப்ப போற?"

"சாவி நான் குடுக்க மாட்டேன்" என்று அந்த அம்மா குறுக்கே சொன்னார்.

பீட்டர் வேகமாகக் கிசுகிசுத்தான். "சார், வயரைப் புடுங்கிருங்க. உங்க கம்பியூட்டருக்கு ஒண்ணுமில்ல, இது சும்மா படம். சூப்பர்வைசர் வர்றாரு. வயரைப் புடுங்குங்க சார்." லைன் அறுந்தது.

அந்த அம்மா அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்து போய் வயரைப் பிடுங்கினார். சைரன் நின்றது. பிறகு என் கொக்கியையும் எடுத்துவிட்டார். ஐயா மாஸ்க்கை முகவாயில் இறக்கிவிட்டுக்கொண்டு, கறுத்துப்போன திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். இப்படித்தான் திரையை மறைப்பார்கள், இப்படித்தான் அழைக்க வைப்பார்கள், பைல் இறங்கியிருந்தால் உங்கள் பேங்க் கணக்கு காலியாகியிருக்கும் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"களவாணிப் பயலுக தம்பி. எனக்கும் வெளங்குது. ஆனா களவாணிக்கு இருமல் வராதா?"

மறுநாளிலிருந்து அவர் அந்த நம்பருக்குப் போன் எடுக்கத் தொடங்கினார். மகளோடு பேசுவதற்குப் போட்டு வைத்திருந்த ரீலோட் காசு அத்தனையும் அதில் போயிற்று. பீட்டர் கிடைக்கவில்லை. ஜேம்ஸ் வந்தான், ஹென்றி வந்தான், ஸ்டெல்லா என்று ஒருத்தியும் வந்தாள். எல்லோருமே மூத்த என்ஜினியர்கள். ஐயா ஒவ்வொருவரிடமும் தன் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் ஒரே செய்தியைச் சொன்னார்: உங்களோடு வேலை செய்கிற பீட்டருக்கு டீபி இருக்கலாம், மூடிய அறையில் கூடியிருக்கிற நீங்கள் எல்லோரும் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

ஹென்றி விடாமல் தன் வேலையைப் பார்த்தான். "பிளீஸ் குளோஸ் ஓல் விண்டோஸ், சார்" என்றான்.

"நோ, நோ!" என்று ஐயா கத்தியது ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். "ஓப்பன் ஓல் விண்டோஸ்! காத்து வரணும்! ஃபிரெஷ் எயார்!"

ஸ்டெல்லாவுக்கு ஒரு வாரமாகத் தொண்டை கரகரப்பு. அதை அவளே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஐயா அவளிடம் கேட்ட கேள்விகளில் அவள் அழத் தொடங்கிவிட்டாள். "இந்த மனுசன் அந்த ஆபீஸையே வார்டா ஆக்கிட்டாரு" என்று அந்த அம்மா தலையில் கை வைத்தார். கடைசியில் ஒருநாள் எத்தனை தடவை அடித்தும் லைன் கிடைக்கவில்லை. ஊரையே ஏமாற்றுகிற கூட்டம் எங்கள் டிஸ்பென்சர் ஐயாவின் நம்பரை பிளொக் செய்துவிட்டது.

ஐயா இதை ஒரு தோல்வியாக எடுத்துக்கொண்டார். கடைவீதிக்குப் போவது குறைந்தது. நான் ஒருநாள் வேண்டுமென்றே அவர் எதிரில் தும்மிப் பார்த்தேன். "ம்" என்றதோடு சரி. "இந்த மாதிரி இவர நான் பாத்ததில்ல தம்பி. சும்மாவாச்சும் என் முட்டியப் பாருங்கன்னு சொன்னேன், பேசாம பாத்தாரு. வயசாகுதுன்னுகூடச் சொல்லல" என்று அந்த அம்மா பயந்துபோய்ச் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து, நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஐயா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பீட்டர் பேசறேன். உங்களால என் வேலை போச்சு சார்."

ஐயா கோப்பையை வைத்துவிட்டார். "எங்கருந்து பேசற?"

"ஊர்லருந்துதான். தமிழ்நாட்டுல, துறையூர் பக்கம். அன்னைக்கே உங்க நம்பர எழுதி வச்சிக்கிட்டேன் சார். நீங்க போன் போட்டுப் போட்டு எல்லாரும் பயந்துட்டாங்க. எனக்குப் பக்கத்து சீட்டுல ஒருத்தரும் உட்காரல. ஸ்டெல்லா வேலைக்கு வரமாட்டேன்னு ரூமுக்குள்ள படுத்துக்கிச்சு. பெரிய முதலாளியே வாயில துணியக் கட்டிக்கிட்டு வந்து பாஸ்போர்ட்ட என் மடியில வீசி, இன்னைக்கே கெளம்புன்னு கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாரு சார்."

"டெஸ்ட் எடுத்தியா?"

"எடுத்தேன். நீங்க சொன்னதுதான். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்துட்டாங்க. இப்ப வேர்க்கிறதில்ல சார்."

"நல்லா இருக்குன்னு நடுவுல நிப்பாட்டிராத. முழுக்கக் குடிக்கணும். என்னா, வெளங்குச்சா?" என்று ஐயா அதட்டினார். அதட்டல் பாதியில் உடைந்தது. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவ வெளியே பைப்படிக்குப் போனார். அந்தக் குளிரில் வெகுநேரம் கழுவினார். அம்மா போனில், ஆகாரம் என்ன சாப்பிடுகிறான், முட்டை கொடுக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவனுடைய உண்மையான பெயரை இரண்டு பேருமே கேட்கவில்லை. இன்றைக்கும் அவர்களுக்கு அவன் பீட்டர் தம்பிதான்.

மறுநாள் காலையில் ஐயா கடைவீதிக்கு இறங்கினார். பத்து மணிக்குள் பேக்கரிக்காரருக்கு மஞ்சள் காமாலை என்று ஒரு சந்தேகமும், பஸ் கண்டக்டருக்குக் குடல்புண் என்று ஒரு முடிவும் கிடைத்திருந்தன.

எனக்குப் பிறகு நுவரெலியாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. இப்போது இருப்பது நல்ல அறை. குழாயில் சுடுதண்ணீர் வரும். ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நானு ஓயாவில் ரயில் ஏறிக் கொட்டகலையில் இறங்கிவிடுகிறேன். என்ன விசேஷம் என்று ஐயா கேட்பார். உடம்பு கொஞ்சம் சரியில்லை என்பேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.