மேனேஜர் பார்க்க வந்த நாய்

"அசையாம நில்லுடா, உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்" என்றார் கணக்கர்.

நாய் நின்றது. வால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஹேர் டை குளியலறைச் சுவரெல்லாம் தெறித்தது.

"ஏங்க, ஆபீஸ்ல வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

இருந்திருக்கலாம். ஆனால் ஆள்குறைப்பு என்ற பேச்சு வந்ததிலிருந்து மேனேஜர் ஊழியர்களை நாய் இனங்களாகப் பிரித்துக்கொண்டிருந்தார். டைப்பிஸ்ட் பொமரேனியன், கத்தல் அதிகம். விற்பனைப் பிரிவுக்காரர் டாபர்மேன், வைத்துக்கொள்ளலாம். கணக்கரை ஏற இறங்கப் பார்த்தவர், "நீங்க பக். மடியில உக்காரத்தான் லாயக்கு" என்று முடித்துவிட்டார்.

இந்த வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்? கணக்கர் அவசர அவசரமாக, "சார், எங்க வீட்டுல ஜெர்மன் ஷெப்பர்டு இருக்கு சார்! நான்தான் வளக்குறேன்" என்று உளறிவிட்டார்.

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "அப்படியா! நாயைப் பாத்தே வளக்கிறவனைச் சொல்லிடுவேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

வீட்டில் இருந்ததோ, போன மழைக்கு வாசலில் வந்து ஒண்டிய நாய். கணக்கர் அதை மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"எப்படியாவது ஷெப்பர்டுன்னு சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார். "காது ஒரு இனம், காலு ஒரு இனம். மிச்சமெல்லாம் பசி."

அதன்பிறகுதான் இந்த ஹேர் டை. முதுகில் மட்டும் கறுப்பு போதும் என்று ஆரம்பித்தார். வழிந்து வயிறும் கறுத்தது. பதறிப்போய்க் கழுவினார்; கறுப்பு ஊதாவானது. தொங்கிய காதுகளுக்கு அட்டை கொடுத்து டேப் ஒட்டினார். ஒன்று நின்றது, இன்னொன்று டேப்போடு சரிந்து கண்ணை மறைத்தது.

"ஷெப்பர்டு மாதிரி இருக்கா?"

மனைவி உற்றுப் பார்த்தாள். "போலீசுக்குப் பயந்து மாறுவேஷம் போட்ட மாதிரி இருக்கு."

கணக்கர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். "எனக்கு அழணும் போல இருக்கு."

"வாசல்ல மணி அடிக்குது. அப்புறமா அழுங்க."

மேனேஜர் டிரைவரோடு உள்ளே நுழைந்தார். நேராக நாயின் முன் குனிந்தார். கணக்கர் கண்களை இறுக மூடிக்கொண்டார். எல்லாம் போயிற்று.

"ஆஹா!" என்றார் மேனேஜர். "காதுக்குக் கட்டுப் போட்டு நிமித்துறீங்களா? தெரிஞ்சவன் செய்யிற வேலை! இந்த ஊதா நிறம் லட்சத்துல ஒண்ணுக்குத்தான் வரும். நிக்கிற தோரணையைப் பாருங்க! சுத்தமான ஷெப்பர்டு. என் கண்ணு தப்பாது. உங்களைப் போயி பக்னு சொன்னேனே! வேலையைப் பத்திக் கவலையே படாதீங்க."

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணக்கருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அதற்குள் நாய் மேனேஜரை விட்டுவிட்டு டிரைவர் மேல் தாவியது. அவருடைய வெள்ளைச் சட்டை ஊதாவாகும்வரை விடாமல் முகத்தை நக்கியது. டிரைவர் டேப்பை மெல்லப் பிரித்து அதன் முகத்தைப் பார்த்தார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு.

"ஐயா, இது நம்ம நாயிங்கய்யா! கலப்படம், வீட்டுக்கே அவமானம், எங்கயாவது விட்டுட்டு வான்னு நீங்கதானே என்கிட்ட குடுத்தீங்க!"