பாறைக்குப் பின்னால் முழு சிக்னல்

பாறைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த நெடுமாறனின் கைப்பேசி, பிற்பகல் இரண்டு பத்துக்கு அடித்தது. மூன்று ஆண்டுகளில் அந்த இடத்தில் அது அடிப்பது இதுதான் முதல் முறை.

அவன் அப்போது ராஜகிரி மலை உச்சியில் ஒரு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகம் யானையாகி, யானை படகாகி, படகு கோட்டை மதிலில் இடிக்காமல் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்த நேரம்.

"நெடுமாறன்! லைன் எவ்வளவு கிளியரா இருக்கு!" என்றார் சென்னையிலிருந்து மேனேஜர்.

படகு கவிழ்ந்தது.

நெடுமாறன் செஞ்சியில் தன் வீட்டில் இருந்தபடியே ஒரு சென்னைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவன். வாகன விபத்து மனுக்களைப் படித்து, கார் மாட்டை இடித்ததா, மாடு காரை இடித்ததா என்று எழுதி அனுப்ப வேண்டும். மற்ற நேரமெல்லாம் மாடாக உழைப்பான். இரண்டிலிருந்து மூன்று வரை மட்டும் அவன் யாருக்கும் கிடைக்க மாட்டான். கொல்லையில் வீட்டளவு உயரத்துக்கு ஒரு பாறை நின்றது. அதன் பின்பக்க நிழலுக்கு வைஃபையும் வராது, டவரும் எட்டாது.

"மத்தியானத்துல மலை சூடாயிடுது சார். பாறை சூடானா சிக்னல் வளைஞ்சி போயிடுது" என்று வேலைக்குச் சேர்ந்த மாதமே சொல்லி வைத்திருந்தான். செஞ்சியை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த மேனேஜர் நம்பிவிட்டார்.

இப்போது பேசி முடித்துத் திரும்பினால், சமையலறை வாசலில் மனைவி கவிதா நின்றாள்.

"இன்னாங்க, பாறைக்குப் பின்னாலயும் வருதா?"

"வருது" என்றான், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

கவிதா ஆன்லைனில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறாள். வட்டம் வரையும்போதெல்லாம் அரை வட்டத்தில் படம் உறைந்துவிடுவதால், அன்று காலைதான் ஃபைபர் இணைப்பு வாங்கி, கூடத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று வைஃபையை வீடெங்கும் பரப்பும் இரண்டு மெஷ் பெட்டிகள் பொருத்தியிருந்தாள்.

மறுநாள் காலை நெடுமாறன் படுக்கையறைப் பெட்டியைக் கழற்றினான். சாமான் அறையில் கவிதாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்கள் அடுக்கி இருந்தன. பித்தளை அண்டாவுக்கும் தவலைக்கும் நடுவே பெட்டியை வைத்துச் செருகினான். அந்த அண்டாவைத் தாண்டி எதுவும் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அன்று கவிதாவின் முக்கோணம் இரண்டு பக்கத்தோடு நின்றது. இணைப்புக் கொடுத்த இளவரசன் பைக்கில் வந்து இறங்கினான்.

"யாருக்கா இத சீர்ப் பாத்திரத்துக்கு நடுவுல வெச்சது?"

கவிதா கணவனைப் பார்த்தாள்.

"பூனையா இருக்கும்" என்றான் நெடுமாறன்.

"பிளக்கக் கழட்டி வேற எடத்துல மாட்டற பூனையாண்ணே?" என்ற இளவரசன், பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தான். "எதுக்கும் இருக்கட்டும்கா. சமையல்கட்டு ஜன்னல்ல ஒண்ணு மாட்டறேன். ஒண்ணு சோந்தா இன்னொண்ணு தாங்கும். கூட்டுக் குடும்பம் மாதிரி."

ஜன்னல் நேராகப் பாறையைப் பார்த்தது. மேனேஜர் இரண்டு ஐந்துக்கே கூப்பிட்டார்.

அடுத்த நாள் ஜன்னல் பெட்டி இரும்பு பீரோவுக்குள் போனது. பட்டுப் புடவைகளுக்கு நடுவே அதைப் படுக்க வைத்துப் பூட்டினான். ஒயர் மட்டும் கதவிடுக்கில் எலிவாலாகத் தொங்கியது. கவிதா அதைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்துவிட்டாள்.

"வெல ஒசந்த பொருளாச்சே, பத்திரமா இருக்கட்டும்னு..." என்று இழுத்தான்.

கவிதாவின் கண் கலங்கிவிட்டது. "எந்நகையக்கூட நீங்க இப்பிடிப் பூட்டி வெச்சதில்ல" என்றாள். உருகிப்போய் இளவரசனுக்குப் போன் போட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு நெட்டு மேல ரொம்ப ஆசையா இருக்குதுபா. அவரு படுக்கற எடத்துலயே ஒண்ணு வெச்சிடேன்."

மழைக்கு நனையாத மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து, பாறையின் தலையிலேயே பொருத்தினான் இளவரசன். பச்சை விளக்கு எரிந்தது. கவிதா அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். 'பாறைக்குப் பின்னாலும் முழு சிக்னல். எல்லாம் என் வீட்டுக்காரர் முயற்சி.'

அவசரத்துக்கென்று கவிதாவின் எண்ணையும் வாங்கி வைத்திருந்த மேனேஜர் அதைப் பார்த்தார்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு ரிவ்யூ மீட்டிங், நெடுமாறன். நாங்க இருபத்தெட்டு பேரும் ஹால்ல பெரிய திரைக்கு முன்னாடி இருப்போம். நீங்க ஒருத்தர்தான் வெளியூர். வீடியோவோட வரணும். ஒரு நிமிஷம் காணாம போனாலும் திங்கட்கிழமை சென்னைக்கு வந்துடுங்க. இங்க எந்தப் பாறையும் சூடாகாது."

நெடுமாறன் சென்னையில் நான்கு ஆண்டுகள் இருந்தவன். அங்கே அவன் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அந்தச் சுவரை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது யானையாகாது. அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்தில் உட்காரப் போனவனைக் கவிதா மறித்தாள். "ஸ்டடி லீவு வுட்டுட்டாங்க. எனக்கு ரெண்டு மணிக்கு ரிவிஷன் இருக்குது. ஹாலு எனக்கு வேணும். நீங்க பாறைக்கிட்ட போங்க, அங்கதான் சிக்னல் பிச்சிக்குது."

போனான். கைப்பேசியைப் பாறையில் சாய்த்து வைத்தான். அதற்கு எதிரே கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் தலைக்குப் பின்னால் மலையும் வானமும் இருந்தன. திரையில் சென்னைக் கூடம் வந்தது. அந்தக் கேமரா வழக்கம்போல மின்விசிறியை மட்டும் காட்டியது. மேனேஜரின் குரல் காகிதத்தைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தது.

"மூன்றாம் காலாண்டில் நிலுவையில் உள்ள மனுக்கள்..."

வேப்பங்காற்று வந்தது. கட்டில் கயிறு மெல்ல முனகியது. ஒரு நிமிடம் முதுகைச் சாய்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தலை நிமிராமல் படிக்கிறவர்தானே மேனேஜர். சாய்ந்தான். மேகங்கள் மலையைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தன. ஒன்றே ஒன்று மட்டும் தாண்டிப் போகட்டும், எழுந்து உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தான். அந்த ஒன்று தாண்டுவதற்குள் அவனே அதில் ஏறியிருந்தான். கீழே கோட்டை மதில்கள் தண்ணீரில் போட்ட கயிறுபோல் நெளிந்தன. உச்சிக் கட்டடத்தின் வாசலில் ஒரு மாடு, கையில் மனுவோடு, அவசரமில்லாமல் காத்திருந்தது.

விழித்தபோது மணி மூன்று பத்து.

கைப்பேசி வைத்த இடத்திலேயே இருந்தது. முழு சிக்னல். இணைப்பு ஒரு நொடிகூட அறுபடவில்லை. திரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் குரலும் இல்லை.

"சார்?"

துள்ளி எழுந்து உட்கார்ந்தான். இருபத்தெட்டு பேர் வாயை மூடிக்கொண்டு ஒருவனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு கோபம் இருக்க வேண்டும்!

"சார், மன்னிச்சிடுங்க. தூங்கிட்டேன்."

மின்விசிறி சுற்றியது.

"பாறை சூடானா சிக்னல் வளையும்னு சொன்னது பொய் சார். மூணு வருஷமா பொய். இங்க படுத்துக்கினு மேகத்தப் பாத்துக்கினு இருந்தேன். பெட்டிய அண்டா சந்துல வெச்சதும் நான்தான். பீரோவுல வெச்சது பத்திரத்துக்கு இல்ல சார்."

"அப்போ அந்தப் பூனை நீங்கதானா?" என்று பின்னாலிருந்து கேட்டது கவிதாவின் குரல். வகுப்பு முடித்து வந்தவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "பீரோவப் பாத்து நான் அழுதேனே, அத இன்னா பண்றது?"

"இரு கவிதா, வேலையே போவுது" என்று கெஞ்சியவன், மறுபடியும் கைப்பேசியின் பக்கம் திரும்பினான். "ஏதாவது சொல்லுங்க சார். திட்டியாவது விடுங்க. திங்கக்கெழம பொட்டியத் தூக்கிக்கினு வந்துடறேன்."

மின்விசிறி ஆடியது. யாரோ கேமராவைத் திருப்பி, அதன்முன் குனிந்தார்கள். திரையில் தெரிந்தது, அலுவலகத்தில் மூன்று மணிக்குத் தேநீர் கொண்டுவருகிற முருகையன். கையில் ஆறிப்போன தேநீர்த் தட்டு.

அவர் உதட்டில் விரலை வைத்துக் கிசுகிசுத்தார்.

"மெள்ளமா பேசுங்க சார், நீங்க சாஞ்சதும் தெர பூரா உங்க ஊரு மலையும் மேகமும் வந்துச்சாம், அதப் பாத்துக்கினே இருந்து இருபத்தெட்டு பேரும் தூங்கிட்டாங்க, மேனேஜரு மட்டும் இப்பத்தான் அரக்கண்ணத் தொறந்து இத மொணகி, 'நாளைக்கும் ரெண்டு மணிக்கே மீட்டிங் போடு'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தாரு."