காய்ந்துபோன முதல் எழுத்து

கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணும் வியாதி எனக்கு உண்டு. ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு சிறிய பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராகச் சேர்ந்த வருடம் அது முற்றிவிட்டது.

காரணம் செல்போன். பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடமே தொடங்குகிறதாம். பிரான்சில் எழுத்துக்கு முன்னால் அலை அலையாக, சுருள் சுருளாகக் கோடு இழுக்கிறார்கள். ஜப்பானியப் பிள்ளைகளுக்குக் காகிதம் மடித்தே விரல் பழகிவிடுகிறது. நம் பிள்ளைகளோ மூன்றரை வயதில் நான்கு கோட்டு நோட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்க்கப் பார்க்க, சிறுமலை மேல் நிற்கும் மேகத்தில் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. (இறங்கும் வழியை விசாரிக்கவில்லை.)

நோட்டுகளை அலமாரியில் பூட்டினேன். இரண்டு மாதம் மாவு பிசைந்தோம், மணி கோத்தோம். நான்கு பெற்றோர் டி.சி. கேட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் எழுதியதைக் காட்டாவிட்டால் நான் வேலைக்கு வரவே வேண்டாம் என்றார் தாளாளர்.

கூட்டத்தன்று காலை பிள்ளைகள் பெயின்ட் பிரஷ்ஷைத் தண்ணீரில் தோய்த்துச் சுற்றுச்சுவர் முழுக்க அலை வரைந்தார்கள். சாம்பல் நிறச் சிமென்டில் ஒரு கடலே கருகருவென்று புரண்டது. மெய்மறந்து நின்றேன். பிறகு உள்ளே தாளாளரின் வரவேற்புரை. முக்கால் மணி நேரம்.

அது முடிந்ததும் பெற்றோரை வெளியே அழைத்துப் போய், அவர்கள் முகத்தையே பார்த்தபடி சுவர்ப்பக்கம் கையை நீட்டினேன். "இதுதான் உங்க பிள்ளைங்களோட முதல் எழுத்து. நல்லாப் பாருங்க."

நன்றாகத்தான் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். மல்லிகைத் தோட்டக்காரர் ஒருவர் சுவரைத் தடவிவிட்டு, "எனக்குத்தான் தெரியலையா டீச்சர், இல்ல யாருக்குமே தெரியலையா?" என்றார்.

திரும்பினேன். வெறும் சுவர். ஒரு பல்லி. வெயிலில் தண்ணீர் ஆவியாவதை நான் விளக்கத் தொடங்க, தாளாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

தோட்டக்காரரின் மகள் கனகா அவர் வேட்டியை இழுத்தாள். "இங்கனதாம்ப்பா இருந்துச்சு. செத்த இரு, மறுபடி போடுறேன்." வாளியில் பிரஷ்ஷை நனைத்து, கை தயங்காமல் ஒரே இழுப்பில் நீளமாக ஓர் அலை போட்டாள்.

அவர் அந்த ஈரக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "வீட்ல பென்சிலக் கண்டாலே அழுகும்" என்றார் மெல்ல. பிறகு தானும் ஒரு பிரஷ்ஷை எடுத்தார். அவர் அலை கோணலாகப் போனது. மற்ற அப்பாக்களும் வரிசையில் நின்றார்கள்.

வேலை பிழைத்தது, வாரத்தில் மூன்று நாள் நோட்டு என்று சமரசம் ஆனது. இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் என் தப்பு. கடைக்குப் போகாத கணவர் வெறும் பையை விரித்து, "வாங்கினேன், காஞ்சிருச்சு" என்கிறார். நேற்று இரண்டாம் வகுப்பு மகள் வெற்றுப் பக்கத்தை நீட்டி, "வீட்டுப்பாடம் எழுதிட்டேம்மா, வெயில் ஜாஸ்தி" என்றாள்.

மை தீர்ந்த பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.