கடைக்காரன் இல்லாத கடையில் ஒரு கப்பல்

தான் கடலுக்குப் போகப்போவதாக முஆஸ் அறிவித்த அன்று வீட்டில் யாரும் அழவில்லை. மனைவி ஸும்ரா தேங்காய் துருவுவதைக்கூட நிறுத்தவில்லை. ஏனென்றால் அவன் போகப்போவது கம்பியூட்டருக்குள் இருக்கிற கடலுக்கு.

குறிஞ்சிப்பிட்டியில் முஆஸ் கருவாட்டு வியாபாரி. கடலால் சோறு தின்கிறவன். ஆனால் தோணியில் கால் வைத்தால் போதும், தின்ற சோறு திரும்பி வந்துவிடும். ஒரு தடவை, வர்ணம் பூசுவதற்காகக் கரையில் இழுத்துப் போட்டிருந்த தோணியில் சும்மா ஏறி உட்கார்ந்தான். அதற்கே வாந்தி எடுத்தான். அந்த இடத்துக்கு மட்டும் இரண்டாம் முறை வர்ணம் பூச வேண்டி வந்தது. தோணிக்குச் சொந்தக்காரன் பக்கத்து வீட்டு ஸாஜித். கல்யாண வீடோ மையத்து வீடோ, நாலு பேர் கூடினால் அவன் அந்தக் கதையைச் சொல்லாமல் எழும்ப மாட்டான்.

ஸும்ராவின் தம்பி அஃப்ராஸ் கட்டாரில் வேலை. போன லீவு முடிந்து போகும்போது தன்னுடைய கம்பியூட்டரை ராத்தா வீட்டில் விட்டுவிட்டுப் போனான். போகிற அன்று வாசலில் நின்று மச்சானைச் சீண்டினான்.

"மச்சான், நல்லதொரு கப்பல் வெளாட்டு ஈக்கி. ஒங்கட பேருல ஒரு கணக்குத் தொறங்க, நான் பரிசா வாங்கி அனுப்புறன். எறக்கி எடுத்து ஓட்டிப் பாருங்க. எனக்கெண்டா அதுலயும் ஒங்களுக்கு வாந்திதான் வரும் போல."

"எனக்கா? நீ அடுத்த லீவுல வாறதுக்குள்ள அந்தக் கப்பல்ல கடலத் தாண்டிக் காட்டுறன்டா!"

"தாண்டாட்டி?"

"தாண்டாட்டி ஸாஜித்துட தோணியில ஒன்னோட ஆழ்கடலுக்கு வாறன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று முஆஸுக்கு உறைத்தது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஸாஜித் கேட்டுக்கொண்டு நின்றான். பந்தயம் ஹராம் என்பதால் மூவரும் அதற்கு ஒப்பந்தம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

கம்பியூட்டரில், இன்டர்நெட்டில் விளையாட்டு விற்கிற ஒரு கடையில் கணக்குத் திறக்கும்போது போன் நம்பர் கேட்டது. முஆஸ் யோசிக்காமல் ஸும்ராவின் நம்பரைக் கொடுத்தான். அது அந்த வீட்டின் வழக்கம். காஸ் கடை, கரண்ட் பில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், எங்கே கேட்டாலும் ஸும்ராவின் நம்பர்தான். கருவாடு எடுக்கிற கொழும்பு முதலாளிமாரிடமும் அதையே கொடுத்திருந்தான். அவள் "ஹலோ" சொல்கிற தொனியிலேயே அவர்கள் விலையைத் தாங்களாகவே கூட்டிவிடுவார்கள். இந்தப் புதுக் கடைக்கும் அதே நம்பரைக் கொடுத்தபோது தன் கழுத்துக்கு எந்தக் கயிற்றைக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்தக் கடையைப் பார்த்து முஆஸ் வாயைப் பிளந்தது உண்மை. கடைக்காரன் இல்லை. தராசு இல்லை. ஈ இல்லை. உலகத்து விளையாட்டெல்லாம் வரிசையாகத் தொங்குகிறது. நடுவில் அஃப்ராஸ் பரிசாக வாங்கி அனுப்பிய கப்பல், பாய் விரித்து, அலையைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. "உங்களுடையது" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது.

"ஸுப்ஹானல்லாஹ்! இங்க வந்து பாரு ஸும்ரா. கப்பல் நம்மடதாம்."

"அப்ப ஓட்டுங்களே."

அங்கேதான் சங்கதி. கப்பல் அவனுடையதுதான். ஆனால் கடை அதைக் கொடுக்காது. முதலில் கடை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. பிறகு கப்பலை வைக்க இடம் போதாது என்றது. முஆஸ் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு தன் கருவாட்டுப் படங்களையெல்லாம் அழித்தான். பிறகு ஓர் ஒப்பந்தத்தை நீட்டியது. நிக்காஹ் எழுதும்போதுகூட அவன் இவ்வளவு பெரிய ஒப்பந்தத்தைக் கண்டதில்லை. மரியாதையாகக் கடைசி வரை உருட்டிப்போய்ச் சம்மதம் கொடுத்தான். கப்பல் இறங்கத் தொடங்கியது. ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்வது மரியாதைக்காக. சோளகக் காற்றில் போன் கோபுரத்து சிக்னல் வருவதும் போவதுமாக இருக்க, பச்சைக் கோடும் வருவதும் போவதுமாக இருந்தது. முக்கால்வாசி வந்த நேரம் கரண்ட் போயிற்று. கரண்ட் வந்ததும், இறக்கிய சாமானெல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடை முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது.

"நான் நெத்தலி வித்தா இப்படியா செய்யிற?" என்று முஆஸ் திரையைப் பார்த்துக் கேட்டான். "காச வாங்கிட்டு, பையில எடமில்ல, கையெழுத்து வை, ஒவ்வொரு நெத்தலியா எண்ணு எண்டு சொன்னா, சனம் என்னய அடிக்காதா?"

அதற்குப் பதிலாகக் கடை, நீ யார் என்று கேட்டது. ஸும்ராவின் போன் 'டிங்' என்றது.

"இஞ்சாருங்க, எனக்கு ஏதோ கோட் நம்பர் ஒண்டு வந்தீக்கி."

"அத சொல்லு, கெதியா சொல்லு! இல்லாட்டி அது செத்துப் போகும்."

ஸும்ரா போனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு கூரைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டாங்கியைப் பார்த்தாள். நோன்பு காலத்திலிருந்து ஒழுகுகிற டாங்கி அது. "நாளைக்கு" என்ற ஒரே சொல்லால் முஆஸ் இதுவரை அதை அடைத்துவந்தான்.

"டாங்கி ஒழுகுது," என்றாள்.

"புள்ள, கோட்..."

"நீங்க டாங்கிய அடைங்க. நான் கோட்டப் பாத்துக்கிறன். செத்தா வேற கேப்பம்."

முஆஸ் டாங்கியில் ஏறினான். இறங்கிவந்து புதுக் கோட் கேட்டு வாங்கினான். கடை திறந்தது. அல்ஹம்துலில்லாஹ். பச்சைக் கோடு மறுபடியும் ஊர்ந்தது.

ஆனால் அடுத்த நாள் சந்தையிலிருந்து வந்து பார்த்தால் கடை மறுபடியும் அவனை அடையாளம் தெரியாது என்றது. கோட் கேட்டது.

"நேத்துத்தானே சொன்ன!" என்று முஆஸ் கத்தினான்.

"அதுக்குத் தெரியுமா? எவ்வளவு சனம் வாற கடை," என்றாள் ஸும்ரா. "அந்த வேலி சரிஞ்சு கெடக்கு, பாத்தீங்களா?"

வேலி நிமிர்வதற்குள் கோட் செத்திருந்தது; புதுக் கோட்டுக்குப் புது வேலை சொன்னாள். அதற்கடுத்து குசினிக் கதவு. அதற்கடுத்து அலுமாரிக்குப் பின்னால் ஒட்டடை. ஒரு நாள் மாமிக்கு இறால் கொண்டுபோய்க் கொடுக்கத் தில்லையடிக்குப் போக வேண்டியதாயிற்று. பஸ்ஸில் போய், மாமியின் முழங்கால் வலியை ஆதியோடந்தமாகக் கேட்டு, பஸ்ஸில் திரும்பி, வெயிலில் கருவாடாகி வந்து நின்றான். வந்து உட்கார்ந்தால் கடை பூட்டு.

"இந்தக் கடையோட மல்லுக்கட்டுற பொறும எனக்கு இல்ல, நான் என்ன செய்ய?" என்று ஸாஜித்திடம் புலம்பினான்.

"ஒனக்கு ஏலாது மச்சான்," என்றான் ஸாஜித் சந்தோஷமாக. "நான் தோணிக்குப் புது எஞ்சின் போட்டீக்கிறன். அஃப்ராஸ் பெருநாளைக்கு வாறானாம். நல்லாத் துள்ளும்."

துள்ளும் என்ற சொல்லைக் கேட்டதும் முஆஸ் வேலியைப் பிடித்துக்கொண்டான்.

இதற்கிடையில் வீட்டில் சில புதுமைகள் நடந்தன. மவுஸ் எப்போதும் மேசையின் இடப்பக்கம் கிடந்தது. கதிரை முன்னால் இழுபட்டிருந்தது. விசைப்பலகையில் முறுக்குத் தூள். முஆஸ் இவற்றைப் பார்த்தான். பார்த்துக் கம்பியூட்டரின் மகிமையை வியந்தான். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை வலக்கையால் எடுத்து, மற்ற எல்லா வேலையையும் இடக்கையால் செய்கிற ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள் என்பது அவனுடைய ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு நாள் மத்தியானச் சோறு அடிப்பிடித்திருந்தது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் குசினியில் நடக்காத காரியம்.

"என்ன ஸும்ரா, சோறு கருகீக்கி?"

"காத்து திடீரெண்டு தெற்கால திரும்பிட்டு. பாய எறக்கிட்டு வாறதுக்குள்ள..."

"எந்தப் பாய?"

"காயப்போட்ட பாய," என்றாள் ஸும்ரா. "தின்னுங்க."

தின்றான்.

அஃப்ராஸ் வந்து இறங்கினான். பெருநாள் தொழுகை முடிந்து, வட்டிலப்பம் சாப்பிட்டு, ஸாஜித்தையும் கூட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்து கதிரை போட்டு உட்கார்ந்தான். அப்போதும் முஆஸ் அந்தக் கப்பலைக் கண்ணால் கண்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே தோணி எஞ்சினின் டீசல் மணம் வருவதுபோல் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் கம்பியூட்டரைத் திறந்தான். கடை, நீ யார் என்றது. ஸும்ராவின் போன் 'டிங்' என்றது.

முஆஸ் எழும்பினான். "சொல்லு. இண்டைக்கு என்ன? தேங்கா உரிக்கவா?"

"பெருநாள் நாளையில என்ன வேல? இந்தாங்க," என்று ஸும்ரா கோட்டை வாசித்தாள். சும்மா. இலவசமாக. அப்போதாவது அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடை திறந்தது. பச்சைக் கோட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் "விளையாடு" என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமர்த்தினான். அறை முழுக்க அலைச் சத்தம் எழுந்தது. திரை இருண்டு, விடிந்து, கடல் வந்தது.

அப்படி ஒரு கடலை முஆஸ் கண்டதே இல்லை. ஊரை ஒட்டிய கற்பிட்டிக் கடல் அவனுக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் கரையிலிருந்துதான் தெரியும். இது நடுக்கடல். நாலு பக்கமும் தண்ணீர். தூரத்தில் மழை ஒன்று தனியாக நடந்து போகிறது. கப்பலின் அடியால் டொல்பின்கள் துள்ளுகின்றன. கடலோடிகளான வாப்பாவும் மூத்தப்பாவும் வாழ்நாளெல்லாம் பார்த்தது இதைத்தானா என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஸுப்ஹானல்லாஹ்," என்றான்.

கடலுக்கு மேலே தங்க எழுத்தில் ஒரு வரி வந்தது. அஃப்ராஸ் அதைச் சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னான்.

"மீண்டும் நல்வரவு, கப்டன் ஸும்ரா."

முஆஸ் திரையிலிருந்து மனைவியின் பக்கம் திரும்பினான்.

"ஸும்ரா?" என்றான் முஆஸ்.

"எறங்கி முடிஞ்சு கெடந்திச்சு," என்றாள் ஸும்ரா. "நீங்க டாங்கிய அடைச்ச மறுநாளே. சும்மா கெடக்குதே எண்டு தொட்டுப் பாத்தன். தம்பிதான் போன்ல பாய் கட்டுற, திசை பாக்குற எல்லாம் சொல்லித் தந்தான்."

"அப்ப ஒவ்வொரு நாளும் அந்தக் கடை கோட் கேட்டது?"

"நான் வெளியால வரக்குள்ள கதவப் பூட்டிட்டு வருவன். தொறந்து போட்டுட்டு வாற பழக்கம் எனக்கு இல்லையே."

கோபப்பட வேண்டும் என்று முஆஸ் நினைத்தான். முதலில் ஓட்டிக் காட்டிவிட்டுக் கோபப்படலாம் என்று சுக்கானைப் பிடித்தான். கப்பல் ஓர் அலையில் ஏறியது. ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கியது. வட்டிலப்பம் ஏறியது. அது நிற்கவில்லை. முஆஸ் கொல்லைப்பக்கம் ஓடினான். ஸாஜித்தின் சிரிப்பு அவனுக்கு முன்னால் ஓடியது.

முகம் கழுவிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. கதிரையில் ஸும்ரா. இடக்கையில் மவுஸ். புயல். மலைபோல் வந்த அலைக்கு நேராகக் கப்பலைத் திருப்பி, ஏற்றி, இறக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவால், தட்டத்தில் சோறு போடுகிற லாவகத்தோடு கொண்டுபோனாள். பிறந்ததிலிருந்து தோணி ஓட்டுகிற ஸாஜித் வாயில் வைத்த சிகரெட்டைப் பற்றவைக்க மறந்து நின்றான். பாறை தாண்டியது. புயல் தாண்டியது. எதிரே, பனைமரம் நிற்கிற அக்கரை தெரிந்தது. முஆஸுக்கு வயிற்றுப் புரட்டல்கூட மறந்துபோயிற்று. இவள் யார்? தினமும் தனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருகிற அதே ஆள்தானா? பெருமையா பயமா என்று தெரியாத ஒன்று அவன் நெஞ்சில் நிறைந்தது. பெருமைதான். பயமும்தான்.

அஃப்ராஸ்தான் முதலில் சுதாரித்தான். "கடலத் தாண்டின ராத்தா. மச்சான் தாண்டல்ல. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நாளைக்குத் தோணிக்கு வாங்க மச்சான்."

முஆஸின் முகம் உச்சி வெயிலில் காய்ந்த சுறாபோல் சுருங்கியது. ஸாஜித் உற்சாகமாகச் சிகரெட்டைப் பற்றவைத்தான்.

"அவர் எங்கயும் வரமாட்டார்," என்றாள் ஸும்ரா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒப்பந்தம் என்ன? அந்தக் கப்பல்ல கடலத் தாண்டுற. அவர் தாண்டீட்டார். முதல் நாள்லேந்து அவர் இந்தக் கப்பல்லதான் ஈக்கிறார்."

"எங்க ராத்தா?"

ஸும்ரா கப்பலை நிறுத்தி, மேல்தட்டைக் காட்டினாள். அங்கே ஒரு மாலுமி நின்றான். அவன் தலைக்கு மேலே பெயர் மிதந்தது: முஆஸ்.

ஸாஜித் சிகரெட்டை அணைத்தான். தோணியிலிருந்து தப்பிய முஆஸுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எவ்வளவு கடல், எவ்வளவு புயல், அவ்வளவிலும் தன்னை விட்டுவிட்டுப் போகாமல் கூடவே கொண்டு திரிந்திருக்கிறாள்!

"என்னயும் கூட்டிட்டா போன ஸும்ரா?"

"நீங்க இல்லாம நான் எங்க போற?"

அவன் ஆசையோடு திரைக்குக் கிட்டே குனிந்து தன்னைப் பார்த்தான். மாலுமி நல்ல உயரம். நல்ல தாடி. கையில் ஒரு வாளி. முழந்தாளிட்டுத் தேய்க்கத் தொடங்கினான்.

"என்ன செய்யிறன் நான்?"

"மேல்தட்டக் கழுவுறீங்க," என்றாள் ஸும்ரா. "அங்க கோட் ஒண்டும் தேவையில்ல. சொன்ன ஒடன செய்வீங்க."