டங்ஸ்டன் பொட்டு

சாம்பிள் டப்பா பாதி காலியாக இருந்தது.

திம்மராயன் மூடியைத் திறந்து பார்த்தான். மூடினான். மறுபடி திறந்தான். அப்போதும் பாதிதான் இருந்தது.

"சுஜாதா, காலைல இது முழுசாத்தானே இருந்துச்சு?"

"கழுத்து வரைக்கும் இருந்துச்சு சார்" என்றாள் லேபில் அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த சுஜாதா. அவளுக்கு அவன் நாற்காலி மேல் ஒரு கண் என்பது ஃபாக்டரிக்கே தெரியும்.

பெங்களூர் பக்கத்தில் டைல்ஸுக்கு நிறம் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து சென்னகிருஷ்ணன் காலையில் கொண்டுவந்து வைத்த வெள்ளை டப்பா அது. உள்ளே டங்ஸ்டன் ட்ரைஆக்சைடு, மஞ்சள் பொடி. "எங்களுக்கு வேண்டிய சரக்கு இப்படித்தான் இருக்கணும். உங்க லாட்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சூடு பண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, எம்.டி.யோடு ஃபாக்டரியைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்.

மூக்கண்டப்பள்ளியை ஒட்டிய அந்த ஃபாக்டரிக்கு டங்ஸ்டன் வெள்ளை உப்பாகத்தான் வரும். அதை ஃபர்னஸில் வறுத்து, அம்மோனியாவை விரட்டினால் மஞ்சள் பொடி. காற்று தாராளமாகக் கிடைத்தால் எலுமிச்சை மஞ்சள். ஆக்ஸிஜன் கொஞ்சம் குறைந்தால் பச்சை. இன்னும் குறைந்தால் நீலம். கடைசியாக அனுப்பிய இரண்டு லாட்டும் பச்சையடித்துத் திரும்பி வந்திருந்தன.

எம்.டி. ராஜேஷ்குமார் நேற்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் ரிஜெக்ட்னா, லேப் சாவியை சுஜாதாகிட்ட குடுத்துட்டு ஸ்டோருக்குப் போயிடுங்க திம்மராயன்."

ஸ்டோர் என்பது ஜன்னல் இல்லாத தகர ஷெட். அங்கே போனவன் யாரும் திரும்பி லேபுக்கு வந்ததில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு வெங்கடம்மாள் வந்தாள். ஹவுஸ்கீப்பிங். கையில் பூஜைத் தட்டு. மறுநாள் ஆயுத பூஜைக்கு லீவு என்பதால் ஃபாக்டரியில் இன்றைக்கே பூஜை.

"நெத்தியக் காட்டுங்க சார்."

அவள் விரல் மஞ்சளாக இருந்தது. திம்மராயன் டப்பாவைப் பார்த்தான். விரலைப் பார்த்தான்.

"அக்கா, அந்த மஞ்சள் ஏது?"

"இந்த மேசை மேலதான் இருந்துச்சு. வாங்கியாந்தது பத்தல சார். பூசணிக்கா, எலுமிச்சம்பழம், ஃபர்னஸ் கதவு, கம்ப்ரசர், எம்.டி. காரு, எல்லாத்துக்கும் வெக்கணுமில்ல? கேக்கலாம்னுதான் வந்தன். நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க."

திம்மராயன் டப்பாவைத் தூக்கிக் காட்டினான். "அது மஞ்சள் இல்லக்கா. டங்ஸ்டன்."

"என்னாமோ ஒண்ணு. பிள்ளையார் ஜோரா வந்திருக்காரு. வந்து பாருங்க."

ஃபர்னஸ் முன்னால், வாழையிலையில், தலையில் அருகம்புல்லோடு பிள்ளையார் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்.

"ஆக்சைடைப் பிசைஞ்சா இப்படியா சார் நிக்கும்?" என்றாள் சுஜாதா.

"ட்ரைஆக்சைடு தண்ணியில கரையாதும்மா. கரைஞ்சாத்தானே இடியும்? அதான் நிக்குது." எந்த நெருக்கடியிலும் திம்மராயனால் விளக்கம் சொல்ல முடியும். அதுதான் அவனுடைய பலமும் பிரச்சினையும்.

பிள்ளையார்மேல் கை வைக்க மனசு வரவில்லை. பிரஷ்ஷையும் ஒரு தாளையும் எடுத்து ஃபர்னஸ் கதவைச் சுரண்டினான். கம்ப்ரசரைச் சுரண்டினான். ஒவ்வொரு பொட்டுக்கு நடுவிலும் வெங்கடம்மாள் குங்குமம் வைத்திருந்தாள். தாளில் சேர்ந்தது குழம்பு மிளகாய்த்தூள் போல இருந்தது.

"என்ன திம்மராயன், பூஜை பண்ண மெஷினைப் போய் சொறியறீங்க?"

பின்னால் எம்.டி. பக்கத்தில் சென்னகிருஷ்ணன். எம்.டி.யின் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மஞ்சள்.

திம்மராயன் கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. நல்ல, கலப்படமில்லாத பொட்டு அது. குங்குமம்கூட இல்லை.

"என் நெத்தியில என்னய்யா பாக்கற?"

"பொட்டு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு சார். துடைச்சு விடட்டுமா?" கையில் தாள் தயாராக இருந்தது.

"பூஜைப் பொட்டை எவனாவது துடைப்பானா? போங்க, போய் டெஸ்ட்டுக்கு ரெடி பண்ணுங்க. சாப்பிட்டதும் வர்றோம்."

லேபுக்கு ஓடினான். தங்கள் லாட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, சாம்பிளில் ஒரு சிட்டிகைக்குப் பக்கத்தில் கொட்டிப் பார்த்தான். தங்களுடையது வெளிர் எலுமிச்சை. சாம்பிள் ஆழ்ந்த மஞ்சள். கலந்தால் குருடனுக்கும் தெரிந்துவிடும்.

"சுஜாதா, ஓடிப்போய் கடையில மஞ்சத்தூள் வாங்கிட்டு வாங்க."

"கஸ்டமர் சாம்பிள்லயா சார்?"

"மேலாக ஒரு அடுக்குதான். டெஸ்ட்டுக்கு நான் கரண்டியை ஆழமா விட்டு அடியில இருக்கிற ஒரிஜினலை எடுத்துடறேன்."

சுஜாதா போனாள். போகும்போதே லேப் சாவி மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துவிட்டுப் போனாள்.

மஞ்சத்தூள் வந்தது. கொட்டிச் சமப்படுத்தினான். எது மேல், எது கீழ் என்று கோடே தெரியவில்லை. அவ்வளவு கச்சிதமான பொருத்தம். தன் கைத்திறமையை நினைத்து அவனே அசந்துபோனான்.

சுஜாதா மூக்கை உறிஞ்சினாள். "சாம்பார் வாசனை வருது சார்."

வந்தது. டங்ஸ்டன் லேபில் என்ன வாசனை வரலாம்? அம்மோனியா வரலாம். திம்மராயன் அம்மோனியா பாட்டிலைத் திறந்து டப்பாவின் வாய்ப்பக்கம் கொஞ்ச நேரம் பிடித்தான். சாம்பார் வாசனை போய்விட்டது.

மஞ்சளும் போய்விட்டது. மேலாக இருந்த பொடி செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது.

"ஆரத்தி சார்" என்றாள் சுஜாதா. "எங்க வீட்ல சுண்ணாம்பு போடுவோம். நீங்க அம்மோனியா போட்டிருக்கீங்க."

"பேசாதீங்க. காரம் பட்டா சிவக்கும். அமிலம் பட்டா திரும்பிடும்." வெங்கடம்மாள் வாசலில் வைத்துவிட்டுப் போன எலுமிச்சம்பழத்தை எடுத்து வெட்டினான். பிழிந்தான்.

மஞ்சள் திரும்பி வந்தது. ஆனால் டப்பாவுக்குள் இப்போது பொடி இல்லை. துவையல் இருந்தது. மேலும் கீழும் ஒன்றாகிவிட்டது. அடியில் ஒரிஜினல் என்ற பேச்சே இல்லை.

தட்டில் பரப்பி ஹாட் பிளேட்டில் காய வைத்தான். கட்டி கட்டியாக வந்ததை உரலில் போட்டு இடித்தான்.

"தாளிச்சுடலாமா சார்?"

இடித்ததை டப்பாவில் கொட்டி மூடினான். வெளியே செருப்புச் சத்தம்.

சென்னகிருஷ்ணன் டப்பாவைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். புருவம் சுருங்கியது. "இது இவ்வளவு லேசாவா இருந்துச்சு?"

"ஏ.சி. ரூம்ல அப்படித்தான் சார் இருக்கும்" என்றான் திம்மராயன். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தராத விஞ்ஞானம்.

இரண்டு பீங்கான் படகு, அதாவது படகு வடிவத்தில் சின்னக் கிண்ணம். ஒன்றில் சாம்பிள், இன்னொன்றில் அவர்கள் லாட். சின்ன ஃபர்னஸுக்குள் போயின.

"சூட்டுல ஆரஞ்சு ஆகணும். ஆறினா பழைய மஞ்சளுக்குத் திரும்பணும்" என்றார் சென்னகிருஷ்ணன். "திரும்பலைன்னா அது சரக்கே இல்ல."

எம்.டி. திம்மராயனைப் பார்த்தார். திம்மராயன் ஃபர்னஸைப் பார்த்தான். ஃபர்னஸ் புகைய ஆரம்பித்தது.

கதவைத் திறந்தார்கள். யாரோ ஒருவர் அடுப்பில் ரசத்தை மறந்துவிட்ட நாற்றம் லேப் முழுக்க அடித்தது. அவர்கள் லாட் பழுத்த ஆரஞ்சாக ஜொலித்தது. சாம்பிள் இருந்த படகில் கரி.

வெளியே எடுத்து ஆற வைத்தார்கள். ஆரஞ்சு மெல்ல மெல்ல எலுமிச்சை மஞ்சளுக்குத் திரும்பியது. பச்சை துளியும் இல்லை. திம்மராயன் வாழ்நாளில் போட்டதிலேயே நல்ல லாட் அதுதான். கரி மட்டும் கரியாகவே இருந்தது.

"ஏன்ரீ இது?" என்றார் சென்னகிருஷ்ணன். குரலில் கன்னடம் ஏறியிருந்தது. "எங்க ஸ்டாண்டர்ட் எப்படிக் கருகும்? இதுல யாரு என்ன கலந்தது?"

எம்.டி.யின் முகம் பொட்டைத் தவிர மற்ற இடமெல்லாம் சிவந்தது. "திம்மராயன்?"

தகர ஷெட் திம்மராயன் கண்முன் வந்து நின்றது. மே மாத மத்தியானத்தோடு சேர்ந்து வந்து நின்றது. ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். சுஜாதா பவ்யமாகக் கையை நீட்டினாள்.

"தப்பு என் மேலதான் சார்" என்றான். "உங்க டப்பாவுல இருந்தது..."

"சார், சார்." வாசலில் சென்னகிருஷ்ணனின் டிரைவர் ஆனந்தராஜ், செல்போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். "கம்பெனியிலேர்ந்து கூப்பிடறாங்க. பூஜைக்கு வாங்கி வச்ச மஞ்சத்தூள் டப்பாவை காலைல நீங்க மாத்தித் தூக்கிட்டு வந்துட்டீங்களாம். அங்க மெஷினுக்கெல்லாம் பூசி முடிச்சதுதான் உங்க சாம்பிளாம்."