முப்பத்திரண்டாம் நம்பர் கசற்

பதினோராம் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளி இருந்தது.

வினாயகமூர்த்தி அலுமாரிக்கு முன்னால் குந்தியிருந்து, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போய்ப் பின்பலகையைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கசற்றுகளைத் தூசு தட்டுவது அவர் வழக்கம். போன ஞாயிறு அது அங்கேதான் இருந்தது.

"புஸ்பம், பதினொண்டு எங்க?"

"எந்தப் பதினொண்டு?" மனைவி குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"கசற்."

"மீன் வெட்டுற கையோட நான் ஏன் உங்கட கசற்றத் தொடப்போறன்?"

வினாயகமூர்த்தியின் நெற்றி சுருங்கியது. தொட்டாயா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு ஒருத்தி ஏன் பதில் சொல்கிறாள்?

தபால் கந்தோரில் முப்பது வருடம் கடிதம் தரம் பிரித்தவர் அவர். உறையைப் பார்த்தே உள்ளே இருப்பது கலியாணச் செய்தியா, கோட்டு வழக்குக் கடிதமா என்று சொல்லிவிடுவார். பாதிக்குப் பாதி பிழையாகும், ஆனாலும் சொல்லுவார். அந்தப் பழக்கம் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

தபாலுக்கு முதல் அவர் பார்த்த வேலை வேறு. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்குடாவில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் பையனாக இருந்தார். ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் பெட்டியில் இடம் இல்லையென்று கசற்றுகளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாம் அந்தக் காலத்து ஆங்கிலப் பாட்டுகள். பாஷை அரைவாசி விளங்காது, ஆனால் ட்ரம்ஸ் எந்த இடத்தில் விழும், கிற்றார் எந்த இடத்தில் அழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யுத்தம் வந்து, ஹோட்டல் போய், மூன்று தடவை இடம்பெயர்ந்து பழுகாமத்துக்குத் திரும்பியபோதும் அந்த அறுபத்தெட்டுக் கசற்றும் கூடவே வந்தன. ஒரு தடவை புஸ்பத்தின் தையல் மெசினை விட்டுவிட்டு அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவற்றில் முப்பத்திரண்டாம் நம்பர் தனி ரகம். எண்பத்திரண்டாம் வருடம் டிசம்பர் முப்பத்தோராந் தேதி, ஹோட்டல் விருந்தில் பாட்டுக்காரனுக்குத் தொண்டை அடைத்துப் போக, 'நான் பாடட்டா' என்று மேடையில் ஏறியவர் இருபது வயது வினாயகமூர்த்தி. ஒரு ஜெர்மன்காரி அதைப் பதிவு செய்து, போகும்போது அவர் கையிலேயே கொடுத்தாள். கலியாணம் முடித்த புதிதில் புஸ்பத்துக்கு அதைப் போட்டுக் காட்டினார். அவள் பாதியில் எழுந்து கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்கப் போய்விட்டாள். மகளும் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று வருடமாக அந்தப் பாட்டை ரசிக்க இந்த உலகத்தில் ஒரு ஆள் வாய்க்கவில்லை. அது அவருக்குப் பெரிய குறை. யாரிடமும் சொல்லமாட்டார்.

ஆகவே கசற் களவு போனதை அவர் லேசில் விடுவதாயில்லை.

புஸ்பத்துக்கு அடுத்தபடியாக அவர் கண் விழுந்தது மருமகன் சிவதர்ஷன் மேல். ஆனால் மருமகனை வாய்திறந்து கேட்க முடியாது. ஊர் வழக்கப்படி வீட்டையும் நாலு ஏக்கர் வயலையும் மகள் கஜானிக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்து, மருமகன் வந்து குடியிருக்கும் வீடு அது. இப்போது வினாயகமூர்த்தியும் புஸ்பமும் இருப்பது பின்னறையில். கசற் அலுமாரி மட்டும் இடம் போதாமல் நடு ஹோலிலேயே நின்றுவிட்டது. மருமகனுடைய கடதாசிகளும் அதன் கீழ்த்தட்டில்தான் கிடந்தன.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. இரண்டு கிழமைக்கு முதல் சிவதர்ஷன் தானாக வந்து கேட்டான்: "மாமா, உங்கட பாட்டுகளுக்குள்ள எது சத்தம் கூட?"

அன்றைக்கு வினாயகமூர்த்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு மணித்தியாலம் விளக்கம் சொன்னார். பதினொன்றில் ட்ரம்ஸ் எப்படி, நாற்பதில் கிற்றார் எப்படி என்று வாயாலேயே வாசித்தும் காட்டினார். இப்போது யோசித்தால், விலையுள்ளது எது என்று நோட்டம் பார்க்கத்தான் கேட்டிருப்பானோ?

திங்கட்கிழமை அலுமாரிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். திறப்பை அரைநாணில் முடிந்துகொண்டு வாவியில் குளிக்கப் போனார். குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அரைநாண் இருந்தது, திறப்பு இல்லை.

வீட்டு வாசலில் சிவதர்ஷன் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டபடி நின்றான்.

"மாமா, அலுமாரியத் துறங்க. உரத்துக் கடதாசி உள்ளுக்குள்ள கிடக்கு. பன்னிரண்டு மணிக்கிடையில கமநலக் கந்தோருக்குக் கொண்டு போகணும்."

"திறப்பு வாவிக்குள்ள, மருமகன்."

சிவதர்ஷன் கோடிப்பக்கம் போய் அலவாங்கை எடுத்து வந்தான். பூட்டு அசையவில்லை, கதவு கழன்றது. அலுமாரிக்கு அதற்குப் பிறகு கதவே இல்லாமல் போயிற்று.

மறுநாள் நாற்பதாம் நம்பரையும் காணவில்லை.

வினாயகமூர்த்தி இப்போது பொறி வைத்தார். கசற்றுகளின் மேல் மெல்லிசாக மஞ்சள் தூளைத் தூவிவிட்டார். எவன் எடுத்தாலும் விரல் மஞ்சளாகும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். திட்டத்தின் அழகை நினைத்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டு சந்திக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது விறாந்தையில் அறுபத்தாறு கசற்றும் சாக்கின் மேல் வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"எறும்புக்கு மஞ்சள் போட்டிருந்தீங்க போல" என்றாள் புஸ்பம். "நான் சோப்புத் தண்ணியால ஒரேயடியாத் துடைச்சி விட்டிற்றன். இப்ப பாருங்க, பளிச்செண்டு கிடக்கு."

பளிச்சென்றுதான் கிடந்தன. அவர் கைப்பட எழுதி ஒட்டிய பெயர்த் துண்டுகள் முழுவதும் நீல மையாகக் கரைந்து சாக்கில் ஊறியிருந்தன. வினாயகமூர்த்தி விறாந்தைத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"நீ தெரியாமச் செஞ்சியா, தெரிஞ்சு செஞ்சியா?"

"தெரிஞ்சு செய்யிறதெண்டா நான் முப்பது வருசத்துக்கு முதலே செஞ்சிருப்பனே" என்றாள் புஸ்பம்.

அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. மனைவியை அவர் பட்டியலிலிருந்து விடுவித்தார். மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

அன்றிலிருந்து மருமகனை ஓரக்கண்ணால் அளந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கே வயலுக்குப் போகிறான். சேட்டுக்குள் எதையோ புடைப்பாக வைத்துக்கொண்டு போகிறான். பழுது என்று அவர் மூலையில் போட்டு வைத்திருந்த பெரிய கசற் பிளேயரையும் சில நாளாகக் காணவில்லை. கேட்டால், "திருத்தக் குடுத்திருக்கன் மாமா" என்கிறான். கேளாமலே மாமாவின் பொருளைத் திருத்தக் கொடுக்கும் மருமகன் எந்த ஊரில் இருக்கிறான்?

வெள்ளிக்கிழமை காலை, உடைந்த அலுமாரிக்குள் கையை விட்டார். பெயர் அழிந்துபோனாலும் முப்பத்திரண்டைத் தடவியே கண்டுபிடிப்பார், அதன் மூலையில் ஒரு வெடிப்பு உண்டு. இரண்டு தரம் தடவினார். மூன்றாம் தரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்த்தார்.

முப்பத்திரண்டு இல்லை.

மத்தியானம் சிவதர்ஷன் வயலிலிருந்து வந்து சோற்றில் கை வைத்தான். கஜானி கறி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தமுறை வெள்ளாமை தப்பினாப் பெரிய காரியம்" என்று அவன் அவளிடம் சொன்னான். "கதிர் முத்துற நேரம் பாத்து மயில் கூட்டமா இறங்குது. எங்கட வயல் வட்டையில பாதிப் பேருக்கு வைக்கோல்தான் மிச்சம்."

"மயில விடுங்க" என்றார் வினாயகமூர்த்தி. "முப்பத்திரண்டு எங்க?"

சிவதர்ஷனின் கை நின்றது. அவன் முகத்தில் திடுக்கென்று ஒன்று ஓடி மறைந்ததை முப்பது வருடத் தபால் கண் கண்டுவிட்டது.

"என்ன மாமா?"

"என்ட பாட்டு. நான் பாடின பாட்டு. ஆருக்கு வித்தீங்க?"

கஜானியின் அகப்பை சட்டிக்குள் விழுந்தது. "அப்பா, என்ன பறையிறீங்க?"

"நான் உங்கட சாமான விக்கல்ல மாமா." சிவதர்ஷன் தணிந்த குரலில் சொன்னான்.

"அப்ப எங்க கிடக்கு?"

அவன் மனைவியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். சொல்ல வந்த ஏதோ ஒன்றை விழுங்குவது தெரிந்தது. பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவி, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கஜானி அழத் தொடங்கினாள். புஸ்பம் அழவில்லை, அது இன்னும் மோசம்.

"வீட்டுக்கு வந்த புள்ளைய சோத்துக்கு முன்னால வச்சிக் கள்ளன் எண்டிற்றீங்க. அவன் கோவிச்சுக்கொண்டு தாய் வீட்ட போனா, புள்ளைட வாழ்க்கைய ஆரு பாக்கிற? உங்கட வெள்ளைக்காரியா?"

"அவன் முழிச்ச முழிய நீ பாக்கல்லயா?"

"பாத்தன். பசிச்ச முழி. இந்தாங்க சோறு. கொண்டு போய்க் குடுத்து, மன்னிப்பும் கேட்டிற்று வாங்க. கேக்காம இந்தப் படலையத் துறக்காதீங்க."

சோற்றுப் பெட்டியை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு வினாயகமூர்த்தி சைக்கிளை மிதித்தார். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் அவருக்கு இல்லை. பழைய பிளேயரையும் கசற்றையும் அவன் எங்கே ஒளித்திருக்கிறான் என்று பார்ப்பதுதான் எண்ணம். ஆனாலும் கஜானியின் அழுத முகம் வழியெல்லாம் கூடவே வந்தது. ஒரு பாட்டுக்காக மகளுடைய குடும்பத்தைக் குலைத்துவிட்டோமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

வாய்க்கால் கட்டுக்கு ஏறியதும் சைக்கிளை நிறுத்தினார்.

காற்றில் ட்ரம்ஸ் கேட்டது. நாலு அடி, ஒரு இடைவெளி, பிறகு இரண்டு அடி. அடுத்து என்ன வரும் என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

வந்தது. இருபது வயது வினாயகமூர்த்தியின் குரல், இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில், விளைந்த வயலுக்கு மேலால் வாவி வரைக்கும் பரவிக்கொண்டு போனது.

அவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். கண் கலங்கிவிட்டது. விற்கவில்லை. ஒளிக்கவுமில்லை. வயலில் தனியே இருந்து கேட்கிறான் மருமகன். வீட்டில் போட்டால் பெண்கள் சிரிப்பார்கள் என்று பாவம், வெட்கப்பட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்து கேட்கிறான். எது சத்தம் கூட என்று கேட்டதும் அதனால்தான். ரசிக்கத் தெரிந்தவன் சத்தத்தைத்தான் முதலில் கேட்பான். அந்தத் தங்கமான பிள்ளையைப் போய்க் கள்ளன் என்றுவிட்டாரே.

வரம்பில் நடக்க நடக்க மன்னிப்பை மனதுக்குள் தயாரித்தார். மன்னிப்போடு அறுபத்தெட்டுக் கசற்றையும் அவனுக்கே கொடுத்துவிடுவது என்றும் முடிவெடுத்தார். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாக இருந்து துடைக்கலாம்.

வயல் தலை சாய்த்துப் பொன்னாகக் கிடந்தது. மயில் மயில் என்று மருமகன் சொன்னானே, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு மயிலைக்கூடக் காணவில்லை. கொஞ்சம் பெருப்பித்துச் சொல்லும் சுபாவம் போலும். ரசிகனுக்கு அதுவும் இருக்கும் என்று அதையும் மன்னித்தார்.

ஓலை வேய்ந்த காவல் வாடிக்குள் கண்ணகை இருந்தாள். இந்தப் போகத்துக்குக் காவலுக்கென்று சிவதர்ஷன் பக்கத்து ஊரிலிருந்து கூட்டிவந்த மனிசி. இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தாள். தை மாதக் காற்று சிலருக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டார் அவர்.

கையைக் காட்டியதும் அவள் ஒரு காதுப் பஞ்சை எடுத்தாள்.

"மருமகன் எங்க?"

"ஸ்பீக்கர் வயர் பாக்க அந்த மூலைக்குப் போயிருக்கார் ஐயா. இருங்க, வருவார்."

வினாயகமூர்த்தி வாடிக் கம்பில் சாய்ந்துகொண்டு தலையை ஒருமுறை கையால் கோதிவிட்டார். பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. தான் அந்த இடத்தில் கண்ணை மூடிப் பாடியது ஞாபகம் வந்தது.

"இந்தப் பாட்ட மருமகன் அடிக்கடி போடுவாரா?"

"விடிய அஞ்சு மணிக்குப் போட்டா, பொழுதுபடும் வரைக்கும் இதான் ஐயா. முதல் வேற ரெண்டு போட்டுப் பாத்தார், சரிவரல்ல. இது கிடைச்ச நாளையிலயிருந்து வேற ஒண்டையும் தொடல்ல."

நாற்பத்து மூன்று வருடக் குறை வினாயகமூர்த்தியின் நெஞ்சிலிருந்து இறங்கியது. அவள் பக்கம் குனிந்து கேட்டார். "அவ்வளவு விருப்பமா அவருக்கு?"

கண்ணகை பஞ்சை மறுபடி காதுக்குள் திருகிக்கொண்டே சொன்னாள்:

"ஆருக்கு விருப்பம், இது மயிலுக்குப் போடுற ஐயா. முருகன்ட வாகனம், கல்லெறியவும் மனம் வராது. சாமிப் பாட்டுப் போட்டம், கிட்ட வந்து ஆடிச்சி, சினிமாப் பாட்டுப் போட்டம், நிமிந்து பாத்திற்றுத் திரும்பவும் திண்டிச்சி. இந்த மனிசன் வாயத் துறந்தாத்தான் வாவிக்கு அங்கால போய் நிக்குது, ஆரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்."